எடுத்த படத்தை முழுதாகப் படியுங்கள்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலேசிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் இதயநோய் வல்லுநர்களுக்கும் பட்டர்வொர்த்திலிருந்து வணக்கம்.

இதயநோய் இந்நாட்டில் எத்தனை குடும்பங்களைக் குலைக்கிறது என்பதும், 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்ததும் தாங்கள் அறிந்தவையே. ஆகவே கோரிக்கையை முதலிலேயே வைக்கிறேன்: இதயத் தமனிகளை சி.டி. படம் எடுத்தவர்களுக்கு, அடைப்பின் அளவோடு, தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சி (உட்புண் போன்ற வீக்கம்) தெரிகிறதா என்பதையும் அறிக்கையில் எழுதித் தர வழிசெய்ய வேண்டும்.

என் அண்ணன் சொந்த லோரி ஓட்டியவர். ஒல்லியான உடல், ஆனால் இனிப்புநீர் உண்டு. நெஞ்சு இறுக்கத்தோடு ஓர் அரசாங்க மருத்துவமனைக்குப் போனவருக்கு, பல மாதக் காத்திருப்புக்குப் பின் படம் எடுத்து, குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை என்ற ஒரே வரியோடு அனுப்பி வைத்தார்கள். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. அவ்வரியை நம்பி அவர் மீண்டும் இரவுச் சுமைகளை ஏற்றினார். அடுத்த ஆண்டே மாரடைப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அண்ணி அந்தப் பழைய அறிக்கையை நீட்டி, "இல்லையென்றுதானே எழுதியிருக்கிறது, டாக்டர்?" என்று கேட்டபோது, அந்த இளம் மருத்துவரால் மறுமொழி சொல்ல இயலவில்லை. அவரைக் குறைகூறேன், அவரிடம் இருந்ததும் அந்த ஒரு வரிதான். அண்ணன் பிழைத்துக்கொண்டார், லோரியை விற்றாயிற்று, அதன் கடன் மட்டும் இன்னும் முடியவில்லை.

தமனிச் சுவரில் அழற்சி மூண்டால், அங்கிருந்து கசியும் வேதிப்பொருள்கள் அருகிலுள்ள கொழுப்பணுக்களை முதிரவிடாமல் தடுக்கின்றன. கொழுப்பு குறைந்து நீர்ச்சத்து மிகுவதால், சி.டி. படத்தில் அப்பகுதியின் அடர்த்தி மாறுகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சராலம்போஸ் அன்டோனியாடெஸ் குழுவினர் இம்மாற்றத்தை அளந்து, அது இதய மரண ஆபத்தை முன்னறிவிப்பதை 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். 2024இல் அதே இதழில் வந்த, பிரிட்டனின் 40,091 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு இன்னும் கூர்மையானது: அவர்களில் ஐந்தில் நால்வருக்குப் பெரிய அடைப்பு இல்லை, ஆனால் இதய மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த "அடைப்பில்லாத" கூட்டத்தில்தான் நிகழ்ந்தது. என் அண்ணனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

அமைச்சின் சுவரொட்டிகளோ ரொட்டி சானாயைக் குறையுங்கள், தே தாரிக்கில் சீனியைக் குறையுங்கள் என்று அயராமல் அறிவுறுத்துகின்றன. நன்றி. இடுப்புப் பட்டையில் தெரியாத கொழுப்பைப் பற்றியும் ஒரு சுவரொட்டி அடிக்க மை மிச்சம் இருக்குமா என்று அறிய விரும்புகிறேன்.

மன்னிக்கவும், கோரிக்கைக்குத் திரும்புகிறேன். இந்த அளவீடு எல்லா நாடுகளிலும் வழக்கமாகிவிடவில்லை என்பதும், மென்பொருளுக்குச் செலவாகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இதற்குப் புதிய படமோ கூடுதல் கதிர்வீச்சோ தேவையில்லை. ஏற்கெனவே எடுத்த படத்திலேயே செய்தி இருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்களிடமிருந்து, ஓரிரு அரசாங்க மருத்துவமனைகளில் முன்னோட்டமாகத் தொடங்குங்கள். அதுவரையில், தமனிச் சுவரில் சிறு கொழுப்புப் படிவு தெரிந்தாலும் அதை அறிக்கையில் மறைக்காமல் எழுதி, அதன் பொருளை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லி, மறுபரிசோதனைக்கு நாள் குறித்து அனுப்புமாறு மருத்துவமனைகளுக்கு ஆணையிடத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு