வதந்தி எங்கே பிறந்தது?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். கண் அறுவைக்குப் பிறகு எனக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டதால், இனி முன்போல் நீண்ட கடிதங்களை எழுத முடியும்.

அவள் எந்நேரமும் கைப்பேசியில் நடிகர் நடிகையரைப் பற்றிய வதந்திகளையே தேடுகிறாள் என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். அவளைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இணையத்தில் தேடல் எப்படி இயங்குகிறது, ஒரு செய்தி எப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிறது என்பதைக் கற்க அதைவிட நல்ல பாடம் இல்லை. பிரபலங்களைப் பற்றிய வதந்தி விரைவாகப் பரவி, பெரும்பாலும் விரைவாகவே பொய்யென்று தெரிந்தும் விடுகிறது. அதனால் அது வந்த வழி முழுவதையும் நாமே பின்தொடர்ந்து பார்க்கலாம்.

2009 ஜூன் 25 அன்று நடந்ததை அவளுக்குச் சொல்லுங்கள். அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தியை உலகெங்கும் ஒரே நேரத்தில் தேடியவர்கள் அவ்வளவு பேர் என்பதால், கூகுள் செய்திப் பிரிவின் கணினிகள் அதைத் தாக்குதல் என்று எண்ணி, தேடிய பலருக்குச் செய்திக்குப் பதிலாகப் பிழை அறிவிப்பைக் காட்டின. அதே நாளில், ஜெஃப் கோல்ட்ப்ளம் என்ற நடிகர் நியூசிலாந்தில் படப்பிடிப்பின்போது செங்குத்தான பாறையிலிருந்து விழுந்து இறந்தார் என்ற செய்தியும் பரவியது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று அதை உண்மையென்றே நம்பி ஒளிபரப்பியது. ஆனால் அவர் நலமாக இருந்தார். எந்த நடிகரின் பெயரை இட்டாலும் அதே விபத்தைச் செய்தி நடையில் எழுதித் தரும் விளையாட்டுத் தளம் ஒன்றே அந்தச் செய்தியின் பிறப்பிடம். அதற்கு முன்பே டாம் குரூஸும் அதே பாறையிலிருந்து விழுந்ததாகச் செய்தி வந்திருந்தது. நடிகரின் பெயரை விட்டுவிட்டு, விபத்தைச் சொல்லும் வரியை மட்டும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடியிருந்தால், பெயர் மட்டும் மாறிய அந்தப் பழைய கதை சில நொடிகளில் அகப்பட்டிருக்கும். தேடலில் எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள வழி இதுதான்.

தேடுபெட்டியையும் அவள் கூர்ந்து கவனிக்கட்டும். ஒரு பெயரைத் தட்டச்சு செய்ததும் கீழே விரியும் சொற்களைச் செய்தியாகவே எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அவை பெரும்பாலும் பிறர் கேட்ட கேள்விகள்தான். 'இறந்துவிட்டாரா' என்று பலர் ஐயத்தோடு கேட்க, அது அடுத்தவர் கண்ணில் பட, அவரும் அதையே அழுத்த, கேள்வியே மெல்ல மெல்லச் செய்தியின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. ஜெர்மனியின் முன்னாள் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டினா வுல்ஃப், தம் பெயரோடு பொய் வதந்திச் சொற்கள் சேர்ந்து தோன்றுவதை எதிர்த்து 2012இல் கூகுள் மீது வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு வேறொரு வழக்கில், ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் இத்தகைய சொற்களைப் பற்றித் தெரிவிக்கப்பட்டால் அவற்றை நீக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். இயந்திரம் காட்டினாலும் அவதூறு அவதூறுதான்.

பல இடங்களில் ஒரே செய்தி வந்திருப்பதால் அது உண்மை என்று அவள் சொன்னால், இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் கதையைச் சொல்லுங்கள். 2009 மார்ச்சில் அவர் இறந்ததும், டப்ளின் மாணவர் ஒருவர் தாமே புனைந்த ஒரு கூற்றை அவர் சொன்னதாக விக்கிபீடியாவில் சேர்த்தார். புகழ்பெற்ற நாளிதழ்கள் பலவும் தங்கள் இரங்கல் குறிப்பில் அதை அப்படியே வெளியிட்டன. அப்போது தேடியவருக்குப் பத்து சான்றுகள் கிடைத்திருக்கலாம், ஆனால் அவை அனைத்துக்கும் வேர் ஒன்றே. பக்கங்களை எண்ணாமல், எது எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க அவள் பழக வேண்டும்.

பகிர்வதைப் பற்றியும் ஒன்று. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை, உண்மையைவிடப் பொய்யே மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது. அதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே காரணம். பொய்யில் இருக்கும் புதுமை நம்மை ஈர்க்கிறது.

அடுத்த முறை அவள் ஒரு வதந்தியைக் கொண்டுவந்தால், பொய்யா மெய்யா என்று வாதிடாமல், அது எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தில் முதலில் தோன்றியது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். படம் இருந்தால் அந்தப் படத்தை இட்டே தேடிப் பாருங்கள். எங்கே போய் நின்றது என்பதை அவளே எனக்கு எழுதட்டும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்