பெட்டிப் பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், எங்களுக்காக ஜெபித்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சொல்லப்போனால் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் உள்ளே மயக்கத்தில் கிடந்தபோது வராந்தாவில் நின்றவர்கள் நீங்கள். அதனால் அந்தக் கதைக்குள் திரும்பப் போகவில்லை. அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு பெயராய்ப் போனால் யாராவது விட்டுப்போவார்கள். ராத்திரி என்றும் பாராமல் வந்து ஜெபித்த நம்ம சபைப் போதகர் ஐயர், என் மனைவியைத் தனியே விடாமல் கூடவே இருந்த ஐயரம்மா, ரத்தம் கொடுக்க பைக்கில் வந்த வாலிபர்கள், வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட பெண்கள் ஐக்கிய சங்கத்தார், ஞாயிறு ஆராதனையை ஒரு குறையுமில்லாமல் நடத்திய சபை மூப்பர்கள், சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பிய நம்ம ஊர்ப் பிள்ளைகள், "காசு அப்புறம் பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்று மருந்தை எடுத்துக் கொடுத்த காயல்பட்டினத்துக் கடைக்காரர், எங்களுக்கு முன்பின் தெரியாத வட இந்திய ஊழியத் தளங்களில் உபவாசமிருந்த மிஷனெரிக் குடும்பங்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் வீட்டாரின் நன்றி. கர்த்தர் உங்களுக்குப் பலனளிப்பாராக.

இனி பெட்டிப் பாட்டி.

ஊருக்குள் எல்லாருக்கும் அவர்களைத் தெரியும். பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர்கள். கோவிலில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லா அடியையும் சரியாகப் பாடுகிறவர்கள். எந்தக் கமிட்டியிலும் இல்லை. பாட்டியிடம் உதவி கேட்கலாம் என்று யாருக்குமே தோன்றியிருக்காது. அவர்களும் யாரும் கேட்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை.

நான் படுக்கையில் விழுந்தபோது, பிள்ளைகளைத் திருவிருந்தில் சேர்க்கிற திடப்படுத்தலுக்காக நான் எடுத்துவந்த வகுப்பு பாதியில் நின்றிருந்தது. பேராயர் வரும் தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. விசுவாசப் பிரமாணத்தில் 'பொந்தியு பிலாத்துவின் காலத்தில்' வரைக்கும்தான் வந்திருந்தோம். பத்துக் கற்பனை, அதாவது பத்துக் கட்டளை, பாக்கி, ஞானோபதேச வினாவிடை பாக்கி. ஐயருக்கோ இது ஒரு சபை மட்டுமல்ல, பல சபைகள் சேர்ந்த சேகரம் முழுக்க ஓட வேண்டும். கண்ணைத் திறந்து ஆள் அடையாளம் தெரிந்ததும் நான் முதலில் கேட்டது பிள்ளைகளைப் பற்றித்தான் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. அவள் சொன்ன பதில் மட்டும் நினைவிருக்கிறது: "அது பாட்டி பாத்துக்கிடுதாங்க, நீங்க சும்மா படுங்க."

நான் ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவள் போனை என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரே பிள்ளைகள் சத்தம். நடுவே பாட்டியின் குரல்: "ஏல, மூணாம் நாள் எழுந்திருந்தார்னு சொன்னியே, அப்புறம் எங்க போனார்? அவரை அங்கேயே விட்டுட்டா?" ஒரு பையன் அவசர அவசரமாக 'பரமண்டலத்துக்கேறி' என்று தொடங்கினான்.

பின்னால் பிள்ளைகளே வந்து முழுக் கதையையும் சொன்னார்கள். பாட்டி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தி ஆளுக்கொரு குருத்தோலை கொடுப்பார்களாம். ஈர்க்கைக் கிழித்து, ஓலையை வாரி, அடிப் பின்னலைப் பாட்டி போட்டுக் கொடுப்பார்கள். ஒரு வரி சரியாகச் சொன்னால் அடுத்த ஓலையைக் கோத்துக்கொள்ளலாம். தப்பாகச் சொன்னால் கோத்த ஓலையை உருவிவிடுவார்கள். "வேகமா சொல்லாத மக்கா, ஓலை கிழிஞ்சிரும்" என்பார்களாம். இப்படியே கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், நூற்றிருபத்தோராம் சங்கீதம். கற்பனைக்குக் கற்பனை ஊரிலிருந்தே உதாரணம் வேறு. யார் வீட்டு ஆடு யார் தோட்டத்தில் மேய்ந்தது என்பதெல்லாம் 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற எட்டாம் கற்பனையில் வந்துவிட்டது. அந்தந்த வீட்டுப் பெற்றோர் என்னிடம் வருத்தப்பட வேண்டாம். 'விபசாரம் செய்யாதிருப்பாயாக' என்ற ஏழாவது கற்பனைக்கு மட்டும், "அது பெரியவங்களுக்கு உள்ளது, நீங்க மனப்பாடம் பண்ணிட்டு மேல போங்க" என்று முடித்துவிட்டார்களாம்.

பேராயர் வருவதற்கு முந்தின நாள் ஐயர் பிள்ளைகளை நிறுத்திக் கேள்வி கேட்டார். அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கோவிலில் கடைசி பெஞ்சில் தலையணையோடு உட்கார்ந்திருந்தேன். பத்தாவது கற்பனையை ஒரு பெண்பிள்ளை சொன்னாள். பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை எல்லாம் வரிசையாக வந்தது. கழுதைக்கு அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவனுடைய பனையையும்" என்றாள். ஐயர் சிரித்தேவிட்டார். "இது எந்த பைபிள்ல இருக்கு?" என்று கேட்டதற்கு, "பாட்டி சொன்னாங்கய்யா" என்று திண்ணை இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் தேறினார்கள். மறுநாள் காணிக்கை நேரத்தில் அவரவர் முடைந்த சின்னக் கொட்டானில் காசு வைத்துக் கொண்டுவந்தார்கள். சில கொட்டான் கோணல்மாணலாக இருந்தது, ஒன்றில் காசு ஓட்டை வழியாக விழுந்து உருண்டோடியது. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

பாட்டிக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? கேட்டேன். சின்ன வயதில் ஊருக்கு, பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஒரு பைபிளம்மா வருவார்களாம். பகலெல்லாம் வேலை என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார்கள். விளக்கு வைத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, ஒருவரும் வாசிக்கத் தெரியாதவர்கள் என்பதால், வாயாலேயே சொல்லிக் கொடுப்பார்களாம். பாட்டியின் அம்மாவுக்கு முடைகிற வேலையை நிறுத்த முடியாது, கை ஓட ஓட வாய் படித்தது. அதே பழக்கம் மகளுக்கும் வந்தது.

படுக்கையில் எனக்கு யோசிக்க நேரம் நிறைய இருந்தது. நம்ம திருநெல்வேலிச் சபையின் சரித்திரத்தைச் சொல்லும்போது பாளையங்கோட்டையில் 1785-இல் குளோரிந்தா அம்மையார் கட்டிய கோவில், 1820-இல் வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர், மெஞ்ஞானபுரத்தின் 192 அடி கோபுரம் என்று சொல்வோம். சொல்ல வேண்டியதுதான், எனக்கும் அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெருமைதான். ஆனால் ஊரூராய் என்னைப்போல் சபையில் உபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசிமாரும் பைபிளம்மாக்களும் விளக்கொளியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திராவிட்டால் அந்தக் கோபுரத்தின் கீழே உட்கார யார் இருந்திருப்பார்கள்? அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நம்ம பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர். தெலுங்கு நாட்டுக்குப் போய், 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கையை வைத்து, சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்வாராம். நிலமில்லாத ஏழைக் கூலிகள், வாசிக்கத் தெரியாதவர்கள் பலர் அதில் உண்டு. படித்துத் தேறின பிறகு சொல்லு என்று அவர் யாரையும் நிறுத்திவைக்கவில்லை. பாட்டிக்கு அசரியா பேராயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தோர்ணக்கல்லில் அவர் எதிர்பார்த்தது இந்தத் திண்ணையில் நடந்துகொண்டிருக்கிறது.

கன்வென்ஷன் என்ற பெரிய சுவிசேஷக் கூட்டத்துக்குப் பந்தல் போட நம்மில் எத்தனை பேர் ஓடி வருகிறோம்! வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே அப்படி ஒரு பந்தலில்தான் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். பந்தலைப் பிரித்த பிறகு, அங்கே ஒப்புக்கொடுத்துக் கையை உயர்த்தினவனோடு வாராவாரம் உட்காரத்தான் ஆள் கிடைப்பதில்லை. திடப்படுத்தலும் அப்படித்தான் ஆகிவிட்டது. வெள்ளை உடுப்பு தைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், பிரியாணி போடுகிறோம். அடுத்த மாதம் பையன் டியூஷனுக்குப் போய்விடுகிறான், கோவில் பக்கம் காணோம். பாட்டி திண்ணையில் மட்டும் திடப்படுத்தல் முடிந்த பிறகும் பிள்ளைகள் வருகிறார்கள், "கொட்டான் முடிஞ்சிது, இனி மூடி முடைய வேண்டாமா?" என்று கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். மூடிக்கு மலைப்பிரசங்கமாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் நம்ம சபைப் பிள்ளைகள் மட்டும் உட்காரவில்லை. அம்மன் கோவில் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓலைக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காரவைத்தார்களாம். அவர்களுக்கு மனப்பாடம் கிடையாது, ஓலை மட்டும் உண்டு. "கேட்டா சொல்லுவேன். கேக்காதவங்க வீட்டுக்கும் பனங்கிழங்கு போகும்" என்றார்கள். நான் இத்தனை வருஷமாக வாலிபர்களுக்குச் சுவிசேஷ ஊழியம் பற்றி வகுப்பு எடுக்கிறேன். இனி அந்த வகுப்பில் முதல் பாடம் இதுதான்.

உயிர் திரும்பக் கிடைத்த நேரத்தில் ஒரு பொருத்தனையும் செய்திருக்கிறேன், எல்லார் முன்னிலையிலும் எழுதிவைத்தால்தான் நான் தப்பிக்க முடியாது. போன நான்கு வருஷமாகத் திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, நடக்க அனுமதி கிடைத்ததும், ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். வெளியூரில் வேலைக்குப் போனவர்களுக்குப் போன் செய்வேன். கேள்வி கேட்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

திடப்படுத்தல் வகுப்பு இனிமேல் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டி திண்ணையில்தான் நடக்கும். ஐயரும் சரி என்றுவிட்டார். வினாவிடையை வாசித்துக் காட்டுவதும் வருகைப் பதிவும் என் வேலை, மற்றதெல்லாம் பாட்டி. கழுதைக்கு அப்புறம் பனை வருமா வராதா என்பதை மட்டும் ஐயரும் பாட்டியும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து கருப்பட்டியும் அதிரசமும் கொண்டுவர வேண்டாம், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடு வர மனசில்லை என்றால் ஒரு கட்டு குருத்தோலை வெட்டிக் கொண்டுபோய்ப் பாட்டி வீட்டில் போடுங்கள். பனை ஏற ஆள் கிடைக்காமல் இந்த வருஷம் ஓலைக்கு ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள்.

உங்கள் ஊழியன்,
உபதேசியார்