கழுவினால் போகாத மருந்து: திராட்சை குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை, தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

பழங்களில் எஞ்சும் பூச்சிமருந்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பொதுமக்களுக்குக் கிடைக்கும் அறிவுரை, நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள் என்பதே. அது தவறன்று, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை முன்வைத்து எழுதுகிறேன்.

கொடியில் அடிக்கும் மருந்துகள் எல்லாம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. மேங்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே படிவதால் கழுவும்போது கணிசமாக நீங்கிவிடும். கொழுப்பில் கரையும் குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளோ தோலின் மெழுகுக்குள் புதைந்துவிடுவதால் வெறும் நீருக்கு எளிதில் இளகுவதில்லை. (திராட்சையின் மேலுள்ள வெண்பூச்சையே மருந்தென்று எண்ணிப் பலரும் அஞ்சுகிறார்கள், அது பழத்தின் இயற்கையான மெழுகு. மருந்து இருந்தால் அந்த மெழுகுக்குள் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும்.)

ஊடுருவிப் பாயும் மருந்துகளின் கதை வேறு. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் வரை கரையும். வேரில் ஊற்றினால், வேர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்து தண்டின் நீர்க்குழாய்கள் வழியே மேலேறும். நீரை மிகுதியாக ஆவியாக்குபவை இலைகள் என்பதால் பெரும்பங்கு இலைகளில் சேர்கிறது, காய்க்குச் சிறுபங்கே செல்கிறது. ஆயினும், சதைக்குள் சென்றுவிட்ட அந்தச் சிறுபங்கை எந்தக் குழாயடியிலும் கழுவ இயலாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஆப்பிளைச் சமையல் சோடா கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்துப் பார்த்தபோது, மேற்பரப்பு மருந்து ஏறக்குறைய முழுதும் நீங்கியது. ஆனால் தையபெண்டசோல் என்ற ஊடுருவும் பூஞ்சைக்கொல்லியில் சுமார் 20 விழுக்காடு தோலுக்குள் புகுந்திருந்தது. ஆப்பிளையாவது தோல் சீவலாம். திராட்சையை யார் சீவித் தின்கிறார்கள்?

இதற்கு உண்மையான மருந்து, காத்திருப்பு காலம்: அதாவது, கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள். வெயிலும் செடியின் நொதிகளும் மருந்தைச் சிதைக்கின்றன. காய் பருக்கும்போது எச்சத்தின் செறிவும் நீர்த்துப்போகிறது. அறுவடை நெருங்கிவிட்டால் காய் பருப்பதும் நின்றுவிடுவதால், கடைசி நாட்களில் அடிக்கும் மருந்துக்கு இந்தத் தணிவு கிடைப்பதில்லை. விவசாயியை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று: காய் பழுக்கும் வேளையில் மழை பிடித்து, செவட்டை, சாம்பல் போன்ற கொடி நோய்கள் ஏறும்போது, போட்ட முதலைக் காப்பாற்ற அவர் மருந்துதான் அடிப்பார்.

2010இல் குளோர்மெக்வாட் என்ற, கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தின் எச்சத்தால் இந்தியத் திராட்சை ஐரோப்பியச் சந்தையில் பெரும் சிக்கலுக்கு உள்ளானது. ஏற்றுமதித் திராட்சைக்கு, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபெடாவின் கிரேப்நெட் என்ற கண்காணிப்பு முறையில் தோட்டத்தைப் பதிவுசெய்து, அறுவடைக்கு முன்பே மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். உள்ளூர் மண்டிக்கு வரும் பெட்டிக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

ஆகவே, கம்பம் பகுதியில் சில தோட்டங்களையேனும் தேர்ந்து, குலை வெட்டுவதற்கு முன் அரசுச் செலவில் மாதிரிகளைச் சோதித்து, முடிவுகளை விவசாயியின் பெயரின்றித் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். மண்டிக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் கடைசியாக அடித்த மருந்தின் பெயரும் நாளும் எழுதப்பட வேண்டும். மருந்துப் புட்டியோடு வரும் துண்டுத்தாளில் பொடி எழுத்தில் கிடக்கும் காத்திருப்பு நாட்களை, மருந்துக்கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க ஆணையிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அதை இந்தப் பருவத்திலேயே செய்யலாம்.

இப்படிக்கு,
பன்னீர் திராட்சையை விரும்பி வாங்கும் ஒரு நுகர்வோர்