ரேங்க் என்றால் எந்த ரேங்க்?

கல்லூரிச் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியல் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். பட்டியல் வெளியான அன்று மாலை, தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாய், மகளையும் ஒரு தாளையும் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இருவரும் அழுதிருந்தார்கள். "சார், ரேங்க் கார்டில் ஏழுக்குக் கீழே இறங்காத பிள்ளை. இப்போது அறுபத்தோராயிரம் என்று போட்டிருக்கிறது" என்றார். அதற்குள் மகளை அடித்துவிட்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளை வேலைக்கு வருவாள் என்று ஜவுளிக்கடையிலும் சொல்லிவிட்டிருந்தார்.

தாளில் மூன்று எண்கள். மூன்றுக்கும் பெயர் ரேங்க். ஒன்று பொதுப் பட்டியலில் அவள் இடம்; ஒன்று அவள் சமூகப் பிரிவில்; மற்றொன்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில். அந்த மூன்றாவது எண் மூவாயிரத்துச் சொச்சம். அவளுக்குக் கல்லூரிக் கதவைத் திறக்கக்கூடிய எண் அதுதான். அதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண் நிலைப்படியை விட்டு நகரவில்லை.

அந்தத் தாய் மீது குற்றமில்லை. அவர் அறிந்த ரேங்க், நாற்பது பேர் வகுப்பில் எத்தனையாவது என்பது மட்டும்தான். ராணுவத்தில் இருக்கும் அவர் தம்பிக்கு ரேங்க் என்றால் பதவி. அங்கே அது உயர்ந்தால் வீட்டில் இனிப்பு. இங்கே எண் உயர்ந்தால் அழுகை. நான் கணித வகுப்பில் நடத்திய அணியின் (எண்களை நிரை நிரையாக அடுக்கிய மேட்ரிக்ஸின்) தரமும் ஆங்கிலத்தில் ரேங்க்தான். ஒன்றையொன்று சாராத நிரைகள் எத்தனை என்ற கணக்கு அது, அதில் யாரும் யாரையும் முந்துவதில்லை. இத்தனை பொருள் சுமக்கும் சொல்லை விளக்கமின்றி ஓர் ஏழை வீட்டுக்கு அனுப்பலாமா? ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எந்தப் பட்டியல், எத்தனை பேரில், எதற்குப் பயன் என்று தமிழில் அச்சிடுங்கள். நான் கேட்பது இவ்வளவே.

பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு அரசு நிறுத்தியபோது மகிழ்ந்தவன் நான். ஆனால் அந்த வெறி நுழைவுத் தேர்வுகளுக்கு இடம் மாறிவிட்டது. 2024 நீட் முடிவில் 67 பேருக்கு முதல் ரேங்க் என்றார்கள். திருத்திய இறுதி முடிவில் அது 17 ஆனது. நடுவில் பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட பாட்டுக்கு யார் பதில் சொன்னார்கள்? ஓர் எண்ணை வெளியிடுவதோடு பொறுப்பு தீர்ந்துவிட்டதாக நினைக்கும் நிர்வாகத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். எந்தப் பட்டியல், எத்தனை பேரில், எதற்கு: இந்த மூன்றையும் அடுத்த பட்டியல் வெளியாகும் முன் தமிழில் சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஜவுளிக்கடைக்கு நானே போய், அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்