மெனோர்கா கரையில கிடக்கிறது பாசி இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு பயணப் பக்கத்துல ஸ்பெயின் மெனோர்கா தீவு பத்தி போட்டது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடற்கரையில பாசி குப்பை மாதிரி குவிஞ்சு கிடக்குதுன்னு எழுதிட்டீங்களே, அது பாசியே இல்ல. பூ பூக்கிற கடற்புல்லு, பேரு பொசிடோனியா. காஞ்சு கரை ஒதுங்குற அந்தப் புல்லோட இலைதான் அலை மணலை அரிச்சுட்டுப் போகாம தடுக்குது.

எனக்கும் முன்ன தெரியாதுதான். போன ஜூலையில மக, மருமகனோட ஒரு வாரம் அந்தத் தீவோட தெக்குக் கரையை பாய்மர போட்டுல சுத்துனோம், மருமகன் லைசன்ஸ் எடுத்து வச்சிருக்காரு. காலையில காத்தே இருக்காது, இஞ்சின் போட்டு மெதுவா போவோம், மத்தியானம் கடக்காத்து கிளம்புனதும் பாய் ஏத்திட்டா அப்புறம் தண்ணி உரசுற சத்தம் மட்டும்தான். போட் சாயுறப்ப அடுப்பும் ஊஞ்சல் மாதிரி ஆடிக் குடுக்குது, நான் வச்ச ரசம் ஒரு சொட்டு சிந்தல (மருமகனுக்கு அதுல அவ்வளவு பெருமை, ரசத்துல இல்ல, அடுப்புல).

கலா துர்கேதா பக்கம் நங்கூரம் போட்டு அரை மணி நேரம்கூட ஆகல, ஒரு சின்ன ரோந்து போட் வந்துருச்சு. அதுல இருந்த பொண்ணு அடியில கண்ணாடி வச்ச வாளியை தண்ணியில அமுக்கிப் பாத்துட்டு, உங்க சங்கிலி புல்லு மேல கிடக்குது, கருப்பா தெரியிற எடம் புல்லு, வெளிர் நீலமா இருக்கிறது மணல், அங்க மாத்திப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. 2018ல இருந்தே மெனோர்காவும் சேர்ந்த பலேரிக் தீவுகள்ல புல்லு மேல நங்கூரம் போடக்கூடாதுன்னு சட்டமாம். இழுத்துப் பாத்தா நங்கூரத்துல ஒரு கைப்பிடி புல்லு, வேரோட. வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்தான் படருமாம் அது, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

பினாங்கு ஜெலுத்தோங்ல முப்பது வருஷமா இருக்கேன். தண்ணி வத்துனா வெளிய தெரியிற நம்ம மிடில் பேங்க்குங்கிற கடல் திட்டும் கடற்புல்லு வளர்ற எடம்தான், ஆளுங்க இறங்கி சிப்பி பொறுக்குவாங்க, நான் பினாங்கு பாலத்துல போறப்பெல்லாம் வெறும் சேறுன்னு நெனச்சேன். அதைப் பத்தி ஒரு பக்கம் போடுங்களேன். உங்க நிருபருக்கு பிளேன் டிக்கெட்டெல்லாம் வேணாம், ஒரு சம்பான் படகு போதும், தண்ணி வத்துற நேரம் மட்டும் பாத்து அனுப்புங்க.

இப்படிக்கு,
வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு