பெரியம்மா, அந்தச் சுவரின் மறுபக்கம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போன வாரம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "செக்போஸ்டா? எங்களை பஸ்ஸை விட்டு இறங்கக்கூடச் சொல்லலையே, ஒரு பட்டாளத்துப் பையன் ஏறி எட்டிப் பார்த்துட்டு இறங்கிட்டான், அவ்வளவுதான்" என்றீர்கள். 2023 மார்ச்சில் பெத்லகேம் திருயாத்திரையில் நீங்கள் கண்ணால் பார்த்தது அது, பொய்யில்லை. சாப்பாட்டு நேரம், சுற்றிலும் பிள்ளைகள், அதனால் அப்போது நான் ஒன்றும் பேசவில்லை. உங்களைப் போலவே திருயாத்திரை போய்வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2018-இல் நான் மூன்று மாதம் பெத்லகேமில் தன்னார்வப் பணியில் இருந்தேன் அல்லவா, உங்கள் பஸ் தாண்டிய அதே இடத்தில்தான் பாதி நாள் விடிந்தது. ராகேல் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதற்கு 300ஆம் சோதனைச் சாவடி என்று பெயர். எருசலேமின் பழைய நகரம் அங்கிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. விடியற்காலை நாலு மணிக்குப் போய் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது என் வேலை.

பஸ் போகிற பாதை வேறு, நடந்து போகிறவர்களின் பாதை வேறு. இஸ்ரேல் கட்டிய பிரிவுச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு கம்பி வழி, இரண்டு பக்கமும் இரும்பு, தலைக்கு மேலே கூரை. இஸ்ரேலில் வேலைக்குப் போக ஹெப்ரோன் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இரண்டு மணிக்கே கிளம்பி வந்த பாலஸ்தீனக் கட்டிட வேலையாட்கள் அதற்குள் நெஞ்சோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். சுழலும் இரும்புக் கதவு நாலைந்து பேரை விடும், நின்றுவிடும். ஏன் நின்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னால் இருந்து நெருக்க நெருக்க, இளவட்டங்கள் கம்பியில் ஏறி மற்றவர்கள் தலைக்கு மேலாகத் தவழ்ந்து போவார்கள், கீழே நிற்கிற வயசாளி திட்டுவார். அப்புறம் எக்ஸ்ரே இயந்திரம். பெல்ட்டைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் மதியச் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் அனுமதிச் சீட்டு, நழுவுகிற பேண்ட்டை முழங்கையால் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்துவந்த காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் அப்பா வயது அவருக்கு.

கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் சிப்பாய், முன்னால் கைரேகை இயந்திரம். சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடையில் உங்களுக்கே ரேகை விழாமல் மூன்று தடவை துடைத்துத் துடைத்து வைத்தீர்களே, அதே கதைதான். உங்களுக்கு அன்று அரிசி கிடைத்துவிட்டது. அவருக்கு ரேகை விழாவிட்டால் அன்றைய கூலி போச்சு.

அந்தச் சீட்டுக்கு அவர்கள் சொல்கிற பேர் தஸ்ரீஹ். அதைக் கொடுப்பதும் பிடுங்குவதும் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகம். அப்போது வேலைச் சீட்டில் முதலாளி பேர் இருந்தது, அவர் விட்டுவிட்டால் சீட்டும் போய்விடும். இடைத்தரகர்களுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பெரிய பங்கைக் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் ஏராளம். சில நாள் கூட்டம் சட்டென்று கடந்துவிடும். அப்போது அந்தப் பக்கம் போய் அட்டைப்பெட்டியை விரித்து, வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் வரும்வரை படுத்துக் கிடப்பார்கள். அரைமணி நேரமா மூன்று மணி நேரமா என்பது முந்தின நாள் தெரியாது, அதனால் தினமும் மூன்று மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டே கிளம்ப வேண்டியிருந்தது. பிள்ளைகள் விழித்திருக்கும்போது அப்பா முகத்தைப் பார்ப்பது வெள்ளி, சனியில்தான் என்று ஒருவர் சொன்னார்.

"பாதுகாப்புக்காகத்தானே" என்று கேட்பீர்கள். 2002-இல் சுவர் கட்டத் தொடங்கியபோது இஸ்ரேலில் தற்கொலைக் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன, பஸ்ஸிலும் கடையிலும் அப்பாவிகள் செத்தார்கள். அந்த வேதனையை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரின் பாதையில் சுமார் 85 விழுக்காடு எல்லைக்கோட்டில் இல்லை, இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரைக்கு உள்ளேதான் போகிறது. அப்படிக் கட்டியது சட்டவிரோதம் என்று 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சாவடிகளும் அப்படித்தான், நிறைய சாவடிகள் பாலஸ்தீன ஊருக்கும் பாலஸ்தீன ஊருக்கும் நடுவில் இருக்கின்றன. பெத்லகேமிலிருந்து ரமல்லாவுக்குப் போகிற வழியில் 'கண்டெய்னர்' என்று ஒன்று உண்டு. அதை மூடினால் பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியும் ரோட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, இது உங்களுக்குத்தான் அதிகம் வலிக்கும் பெரியம்மா. பெத்லகேமில் ஒலிவ மரக் குடில் வாங்கி வந்தீர்களே, அதைச் செதுக்குகிற குடும்பங்களில் பலர் கிறிஸ்தவர்கள். ஈஸ்டருக்கு எருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோயிலுக்குப் போக அவர்களும் தஸ்ரீஹ் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒரே வீட்டில் அம்மாவுக்குக் கிடைக்கும், மகனுக்குக் கிடைக்காது. ஐயாயிரம் கிலோமீட்டர் போல தாண்டி வந்த நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டீர்கள்.

2019-இல் புது இயந்திரங்கள் வந்த பிறகு 300-இல் வரிசை வேகமாக நகர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தாக்குதல் நடந்து போர் மூண்டதும் கிட்டத்தட்ட எல்லாருடைய வேலைச் சீட்டும் செல்லாமல் போனது. இஸ்ரேலிலும் மேற்குக் கரையில் இருக்கிற யூதக் குடியேற்றங்களிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். பெல்ட்டைக் கடித்துக்கொண்டு வந்தாரே, அவருக்கு அந்தக் கம்பி வழியில் நெரிபடுகிற வாய்ப்புகூட இல்லாமல் போயிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன் பெண்கள் ஐக்கியத்தில் உங்களை பெத்லகேம் பயணம் பற்றிப் பேசச் சொல்லியிருப்பதாக அக்கா சொன்னாள். தொழுவத்தைப் பற்றியும் நட்சத்திரம் பதித்த இடத்தைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பஸ் அந்தச் சுவரைத் தாண்டின இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, நாலு மணி வரிசையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடுகிறேன், கேட்க வேண்டியதெல்லாம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை