எந்தக் காயத்தைக் கிளறுவது?

ஆசிரியருக்கு,

எல்லையில் சீனா முரண்டு பிடிக்கும்போதெல்லாம் ‘ஆதிக்க வெறி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அபினிப் போர், 1842 நான்கிங் உடன்படிக்கையில் பிரிட்டனிடம் பறிபோன ஹாங்காங், 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சூறையாட, பிரிட்டிஷார் எரித்த கோடைக்கால அரண்மனை, பிறகு ஜப்பானியப் படையெடுப்பு. இதை ‘அவமான நூற்றாண்டு’ என்கிறார்கள். 1989-இல் ஜனநாயகம் கேட்டு எழுந்த தியானென்மென் கிளர்ச்சிக்குப் பின், தேசபக்திக் கல்வி என்ற பெயரில் கம்யூனிஸ்ட் கட்சி இந்த நினைவை முடுக்கிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் எல்லையாக 1914-இல் வரைந்த மக்மகான் கோட்டை ஏற்காததற்கும், அது ஏகாதிபத்தியம் திணித்தது என்பதே பெய்ஜிங் சொல்லும் காரணம்.

ஆனால் இன்று ரஷ்யத் துறைமுக நகரமான விளாடிவோஸ்டாக் அமைந்துள்ள பகுதியும் அதே 1860-இல்தான் ரஷ்யாவிடம் போனது. அதைத் திருப்பிக் கேட்டு சீன அரசு மூச்சு விடுவதில்லை. ரஷ்யாவுடனான எல்லைத் தகராற்றை 2008-க்குள் பேசியே முடித்துக்கொண்டது. ஆக, எந்தக் காயத்தைக் கிளறுவது என்பதைக் கட்சிதான் முடிவு செய்கிறது. கிளறிய பிறகு அடக்குவதுதான் கடினம். 2012-இல் ஜப்பானுடன் தீவுத் தகராறு முற்றியபோது, ஜப்பானியக் கார் ஓட்டிய சீனர்களே நடுத்தெருவில் அடிவாங்கினார்கள்.

– ஒரு வாசகர், மதுரை